மன்னார்த் தாழ்நிலத்தில் வீதித் திட்டங்கள்: விடத்தல்தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

மன்னார் மாவட்டத்தின் பெருநிலக் கரையில், மாந்தை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் அமைந்திருக்கும் விடத்தல்தீவு, ஒருபுறம் வயல்களையும் மறுபுறம் கடலையும் கொண்டு இரண்டையும் நம்பி வாழும் பழைய கிராமமாகும். யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நாவற்குழியில் தொடங்கி, கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை ஆகிய இடங்களைக் கடந்து மன்னாரை நோக்கி வரும் ஏ-32 பிரதான வீதி இக்கிராமத்தின் நிலப்பக்கமாகச் செல்கிறது. கடற்பக்கத்தில் கண்டற் காடுகளும் சேற்றுப் பரப்புகளும் உவர்த் தரவைகளும், அவற்றுக்கு அப்பால் பாக்கு விரிகுடாவின் ஆழமற்ற கடற்புற் படுக்கைகளும் பரந்து கிடக்கின்றன. தரவை என்பது மரமோ பயிரோ இன்றிப் புல்லும் உப்புப் பூண்டுகளும் படர்ந்து, மாரியில் நீர் நின்று, கோடையில் வெடித்து உலரும் வெட்டவெளியைக் குறிக்கும். இத்தகைய நிலத்தில் புதிய வீதி வரும்போதும், பழைய வீதி உயர்த்தி அகலப்படுத்தப்படும்போதும் ஊரவர் எழுப்பும் கவலைகள் பெரும்பாலும் இரைச்சல், தூசி, விபத்து, காணி இழப்பு ஆகிய தலைப்புகளின் கீழ்ப் பதிவாகின்றன. அவை யாவும் மெய்யான கவலைகளே. ஆயினும் மன்னார்க் கரையைப் பொறுத்தவரை அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது நீரைப் பற்றிய கவலை என்பதும், திட்ட ஆவணங்களும் சட்டமும் மிகக் குறைவாகக் கேட்கும் கேள்வியும் அதுவே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

மன்னார் இலங்கையின் வறண்ட மாவட்டங்களுள் ஒன்று. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். அதன் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களுக்குள், வடகீழ்ப் பருவக்காற்றோடும் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களோடும் சேர்ந்து, சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வன்னியின் உட்பகுதியில் பெய்யும் மழையைப் பறங்கியாறும் பாலியாறும் வடமேற்காகக் கொண்டுவந்து பாக்கு விரிகுடாவில் சேர்க்கின்றன. தெற்கே கட்டுக்கரைக்குளமும், அதன் கீழும் பக்கத்திலும் தொடராக அமைந்த சிறு குளங்களும் நிரம்பி வான் பாயும்போது, அதாவது கொள்ளளவுக்கு மேற்பட்ட நீர் குளக்கட்டின் வழிவிடும் பகுதியால் வெளியேறும்போது, அந்த நீரும் வயல்களைத் தாண்டிக் கடலை நாடுகிறது. நிலத்தின் சரிவு மிக மென்மையானது என்பதால் இந்நீரில் கணிசமான பகுதி ஆற்றுப் படுக்கைகளுக்குள் அடங்கி ஓடுவதில்லை. வயலிலும் தரவையிலும் மெல்லிய படலமாகப் பரவி, கரையின் முழு நீளத்திலும் ஒரே வேளையில் கடலை நோக்கி நகர்கிறது. நீரியலாளர் இதனைப் படல ஓட்டம் என்பர். எதிர்த்திசையிலிருந்து நாள்தோறும் கடல் ஏறி இறங்குகிறது. பாக்கு விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாயினும், தரை இவ்வளவு தட்டையாக இருக்கும்போது அச்சிறு உயர்வே கடல்நீரை வெகுதூரம் உள்ளே கொண்டுவரப் போதுமானது.

விடத்தல்தீவின் பொருளாதாரம் இந்த இரு நீர்களும் சந்திக்கும் வலயத்தில்தான் நிற்கிறது. கண்டல், கண்ணா முதலிய சதுப்பு மரங்கள் உப்புநீரைத் தாங்கி வளர்பவை எனினும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மழைநீர் வந்து மண்ணின் உப்பைக் கழுவிச் செல்லாவிட்டால் அவற்றின் புதுக் கன்றுகள் வேர்பிடிப்பதில்லை. அதேபோல, கண்ணாவின் மூச்சுவேர்கள், அதாவது காற்றை உள்வாங்கச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள், வாரக்கணக்காக நீரில் மூழ்கிக் கிடந்தால் மரமே பட்டுப்போகிறது. இம்மரங்களின் நிழலில் வளரும் இறால் குஞ்சும் நண்டும் மீனும், வெளியே கடற்புற் படுக்கைகளில் கிடைக்கும் நீலக்கால் நண்டும் கடலட்டையும் ஊரின் வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் வருமானம் தருகின்றன. நிலப்பக்கத்தில் மாரி நெல், கிணற்று நன்னீர், தரவையில் மேயும் மாடு ஆகிய மூன்றும் மழைநீர் எவ்வளவு காலம் நின்று எவ்வளவு வேகத்தில் வடிகிறது என்பதைப் பொறுத்தவை. ஒரு வாரம் கூடுதலாக நீர் நின்றால் நெல் அழுகுகிறது. ஒரு வாரம் முன்னதாக வடிந்தால் கிணறு உவராகிறது.

இத்தரையின் மீது வீதி அமைப்பதற்கு அதன் மேற்பரப்பை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தியாக வேண்டும். ஆகவே கிறவல் மண்ணைக் கொட்டி இறுக்கி ஒரு மேட்டை எழுப்பி, அதன்மேல் கல்லும் தாரும் பரப்புகின்றனர். கரைக்கு இணையாகச் செல்லும் இத்தகைய மேடு, வாகனம் ஓடுவதற்கு முன்பே ஓர் அணையாகத் தொழிற்படத் தொடங்கிவிடுகிறது. அணையினூடாக நீரைக் கடத்துவதற்கு மூன்று வகை அமைப்புகள் உண்டு. பெரிய ஆறுகளுக்குப் பாலம். சிறு ஓடைகளுக்கு வீதியின் அடியில் குழாயாகவோ கொங்கிரீற்றுப் பெட்டியாகவோ பதிக்கப்படும் மதகு. பரந்த தாழ்வுகளுக்கு, வெள்ளக் காலத்தில் நீர் வீதியின் மேலாகவே பாய்ந்து செல்லும்படி மேற்பரப்பைத் தாழ்த்திக் கல்லாலோ கொங்கிரீற்றாலோ பலப்படுத்திய தாம்போதி. வட இலங்கையின் பழைய வீதிகளில் தாம்போதிகள் நிறைய இருந்தன. மாரியில் சில நாள் போக்குவரத்து நிற்பதைப் பொறுத்துக்கொண்டு, நீரின் வழியை நீருக்கே விட்டுவைத்த ஏற்பாடு அது. நவீன வீதிப் பொறியியல் தடையற்ற போக்குவரத்தை முதன்மை இலக்காகக் கொள்வதனால், தாம்போதி இருந்த இடத்தில் உயர்ந்த மேடும் ஒன்றிரண்டு பெட்டி மதகுகளும் வருகின்றன.

மதகுகளின் எண்ணிக்கையும் அகலமும் பொதுவாக இரு தரவுகளிலிருந்து கணிக்கப்படுகின்றன: வரைபடத்தில் தெரியும் ஓடைகள், குறித்த மீள்வருகைக் காலத்துக்குரிய மழை. மீள்வருகைக் காலம் என்பது ஓர் அளவு மழை சராசரியாக எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் என்ற புள்ளிவிவர மதிப்பீடாகும். இம்முறை ஓடைகள் தெளிவாக வெட்டுண்டு ஓடும் மலைநாட்டுக்குப் பொருந்துகிறது. படல ஓட்டம் நிகழும் தரவையில் பொருந்துவதில்லை, ஏனெனில் அங்கு வரைபடத்தில் கோடாகக் குறிக்கத்தக்க ஓடையே இல்லை. ஓடை இல்லாத இடத்தில் மதகும் இல்லை என்றாகிவிடுகிறது. இன்னொரு நுணுக்கம் மதகின் அடிமட்டம், அதாவது அதன் தரை எந்த உயரத்தில் வைக்கப்படுகிறது என்பதாகும். மழைநீரை வெளியேற்றுவதை மட்டும் கருதி அடிமட்டத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் வெள்ளம் போய்விடும். ஆனால் கடலேற்றம் உள்ளே வராது, மேட்டுக்குப் பின்னால் உள்ள கண்டல் காலப்போக்கில் காயும். மிகத் தாழ்த்தி வைத்து, வயலுக்கும் கடலுக்கும் இடையே இருந்த சிறு இயற்கைத் திடலையும் வெட்டிவிட்டால் உவர்நீர் வயலுக்குள் ஏறும். சில பத்துச் சென்றிமீற்றர் வேறுபாட்டில் ஒரு கிராமத்தின் வாழ்வாதாரம் ஒரு பக்கமாகவோ மறு பக்கமாகவோ சரிந்துவிடக் கூடிய இவ்விடயம், ஊரவர் பார்வைக்கு வைக்கப்படும் திட்டச் சுருக்கங்களில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாமல் போவது இத்துறையின் பெருங்குறை.

இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு உலகில் நன்கு ஆராயப்பட்ட உதாரணம் கொலம்பியாவின் கரீபியன் கரையிலுள்ள சியேனகா கிராந்தே என்னும் பெரும் களப்பாகும். 1956 தொடக்கம் 1960 வரையான ஆண்டுகளில் பரன்கியா நகரையும் சியேனகா நகரையும் இணைக்கும் நெடுஞ்சாலை, களப்பையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டின் நெடுகிலும் அமைக்கப்பட்டபோது, கடலும் களப்பும் கலந்துகொண்டிருந்த இயற்கை வாய்க்கால்கள் அடைபட்டன. பின்னர் மக்தலேனா ஆற்றிலிருந்து வந்த நன்னீரும் கரைக்கட்டுகளால் தடுக்கப்பட்டது. மண்ணின் உப்பு ஏறியது, 1990களுக்குள், முன்பு 50,000 ஹெக்டேயர் அளவில் இருந்த கண்டற் காட்டில் பாதிக்கு மேற்பட்டது பட்டுப்போனது, மீன்பிடியும் சரிந்தது. 1990களின் நடுப்பகுதியில் வாய்க்கால்களை மீளத் திறந்த பிறகே காட்டின் ஒரு பகுதி தளிர்த்தது. இங்கு கவனிக்க வேண்டியது கால இடைவெளியாகும். வீதி திறந்த ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ பார்த்திருந்தால் எந்தச் சேதமும் கண்ணில் பட்டிருக்காது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1928இல் திறக்கப்பட்ட தமையாமி வீதி, எவர்கிளேட்ஸ் சதுப்பின் தெற்கு நோக்கிய படல ஓட்டத்தை மறித்ததைத் திருத்துவதற்காக, எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, வீதியின் பகுதிகளை அகற்றிப் பாலங்களாக உயர்த்த வேண்டியதாயிற்று. அவற்றில் முதலாவது பாலம் 2013இல் திறக்கப்பட்டது.

மன்னார்க் கரை மக்கள் வீதிகளுக்கு எதிரானவர்கள் என்ற முடிவுக்கு இவற்றிலிருந்து எவரும் வந்துவிடக் கூடாது. வீதி இல்லாத காலத்தின் துயரை இப்பகுதி அளவுக்கு அனுபவித்த இடங்கள் சிலவே. 1930இல் திறக்கப்பட்ட மன்னார்ப் பாலம் 1990இல் தகர்க்கப்பட்டபின், மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் நிலையான புதிய பாலம் ஜப்பானிய உதவியுடன் 2010 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. ஏ-32 வீதி போர்க்காலத்தில் நெடுங்காலம் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டிருந்தது. விடத்தல்தீவு விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் முக்கிய தளமாக இருந்து, 2008 யூலை 16இல் இராணுவத்தின் கைக்கு வந்தது. அதற்கு முன்னரே ஊரவர் வடக்கும் கிழக்குமாகப் பெயர்ந்து, ஈற்றில் முல்லைத்தீவுக் கரைவரை தள்ளப்பட்டனர். போர் முடிந்து திரும்பியவர்களுக்கு வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் செல்லும் வீதி முதற் தேவையாக இருந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்துக்கான பயணம் கண்டி வீதியைச் சுற்றாமல் மேற்குக் கரையோரமாகவே சாத்தியமாயிற்று. சீனக் கடனுதவியுடன் வடக்கின் பிரதான வீதிகள் புனரமைக்கப்பட்ட அதே காலத்தில் ஏ-32உம் அகன்று உயர்ந்தது. அத்தகைய வேளையில் மதகின் அடிமட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை. திரும்பி வந்தவர்கள் கூரைத் தகடுக்கும் கண்ணிவெடி அகற்றலுக்கும் காத்திருந்தனர்.

மாவட்டத்தின் தெற்கில் நிலைமை இன்னும் சிக்கலானது. புத்தளத்திலிருந்து எலுவன்குளம், மறிச்சுக்கட்டி வழியாக மன்னாருக்கு வரும் பழைய பாதை வில்பத்து தேசியப் பூங்காவை ஊடறுக்கிறது. 2010இல் அது பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டபோது, சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தன. அங்கே வீதி வேண்டுமென்று வாதிட்டவர்கள் முசலிப் பகுதியின் மீள்குடியேறிய மக்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது ஆண்டுகள் புத்தளத்தில் வாழ்ந்து, இரு இடத்திலும் உறவும் தொழிலும் கொண்டிருக்கும் முஸ்லிம்கள். அப்பாதை இல்லாவிடின் அவர்கள் அனுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். காட்டின் உரிமையும் பெயர்க்கப்பட்டவரின் உரிமையும் நேருக்கு நேர் மோதும் இவ்வழக்கு, வீதித் திட்டம் ஒன்றில் ‘குடியிருப்பாளர்’ என்போர் ஒரே குரலில் பேசும் ஒரே தரப்பு என்று கொள்வது தவறு என்பதை உணர்த்துகிறது.

வீதியும் நீரும் பற்றிய முறைப்பாடு வெளிப்படையான மக்கள் இயக்கமாக மாறியது மன்னார்த் தீவிலாகும். தீவின் தென்கரையில், நடுக்குடாவைச் சூழ்ந்த பகுதியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடனுடன் இலங்கை மின்சார சபை நிறுவிய ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதி 2020 டிசெம்பரில் தொடக்கி வைக்கப்பட்டது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற்று. காற்றாலைகளைப் பற்றிய பொது விவாதம் பறவைகளையும் மின்கட்டணத்தையும் சுற்றியே நிகழ்ந்தது. ஆனால் தீவின் மக்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டியது அவற்றுக்காக அமைக்கப்பட்ட வீதிகளை. 60 மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடைய இறகுகளை ஏற்றிவரும் ஊர்திகளுக்கும், அவற்றைத் தூக்கிப் பொருத்தும் பாரந்தூக்கிகளுக்கும் அகன்ற, இறுக்கமான, நேரான வீதி தேவை. ஒவ்வொரு காற்றாலையின் அடியிலும் பரந்த மேடையும் தேவை. மன்னார்த் தீவு மணலாலான தாழ்ந்த நிலம். மழைநீர் மணலினூடே ஊறி, உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது, மிகுதி நீர் மணல்மேடுகளுக்கு இடையிலான தாழ்வுகள் வழியாகக் கடலுக்கு வடிகிறது. கரைக்கு இணையாக எழுந்த வீதி இத்தாழ்வுகளை அடைத்துவிட்டதனால்தான், முன்பு ஓரிரு நாளில் வடிந்த வெள்ளம் இப்போது வீடுகளுக்குள் தேங்கி நிற்கிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டாகும்.

இக்குற்றச்சாட்டை எடைபோடும்போது இரு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. மன்னார் நகரத்தின் தாழ்நிலங்களும் குளங்களும் போருக்குப் பின் நிரவப்பட்டுக் கட்டடங்கள் எழுந்திருப்பதும், வடிகால்கள் துப்புரவின்றிக் கிடப்பதும், அண்மைய ஆண்டுகளின் மழை குறுகிய நேரத்தில் செறிந்து பெய்வதும் வெள்ளத்துக்கான காரணங்களே. ஆயினும் தென்கரை வீதியின் திசையும், நீர் வடியும் திசையும் ஒன்றையொன்று குறுக்கறுக்கின்றன என்பது எவரும் மறுக்க முடியாத புவியியல் உண்மை. ஆகவே வீதிக்குப் பங்கில்லை என்று நிறுவும் பொறுப்பு, வீதியைக் கட்டிய நிறுவனத்தின் மேல்தான் இருக்க வேண்டும். மழையில் நனைந்த மெத்தையை வெயிலில் காயவைக்கும் குடும்பத்தின் மேல் அன்று. 2025 ஆகஸ்டில், மேலும் புதிய காற்றாலைகளுக்கான பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது மன்னாரில் தொடர் போராட்டம் வெடித்தது. ஜனாதிபதி ஒரு மாதத்துக்குப் பணிகளை இடைநிறுத்தினார். செப்டெம்பரில் பொலிஸ் பாதுகாப்புடன் பணிகள் மீண்டும் தொடங்கியபோது மோதல் ஏற்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மழை மன்னார் மாவட்டத்தின் பெரும்பகுதியை நீரில் ஆழ்த்தியது. அளவில் அது வழமையான மாரி வெள்ளத்தோடு ஒப்பிட முடியாதது; எனினும் நீர் எங்கே நின்றது, எங்கே வடிந்தது, எந்த மதகு அடைபட்டது என்பதை ஊர்தோறும் பதிவு செய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று இனிக் கிடைக்காது.

சட்டம் இக்கவலைகளுக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பது அடுத்த கேள்வி. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. எந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்பதை 1993 யூன் 24ஆம் திகதிய வர்த்தமானி பட்டியலிட்டது. அதன்படி, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளை அமைப்பது மதிப்பீட்டுக்கு உட்பட்டது. அளவுகோல் நீளமே. ஏற்கெனவே உள்ள வீதியை ஒரு மீற்றர் உயர்த்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி இப்பட்டியலின் சொற்களுக்குள் நேரடியாக வருவதில்லை. காற்றாலைக்கான உள்வீதி காற்றாலைத் திட்டத்தின் துணையுறுப்பாகக் கருதப்பட்டு, பறவை பற்றிய நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே சில பக்கங்களாகச் சுருங்குகிறது. மதிப்பீட்டில் இரு வகைகள் உண்டு. முழுமையான மதிப்பீட்டு அறிக்கை 30 வேலை நாட்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட வேண்டும். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை எனப்படும் சுருக்க வகைக்கு, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அக்கட்டாயம் நீக்கப்பட்டுவிட்டது. எந்த வகை போதுமானது என்பதை அதிகாரிகள் முடிவெடுக்கும் அந்த முதற் கட்டத்திலேயே ஊரவரின் குரல் உள்ளே வருவதா வெளியே நிற்பதா என்பது தீர்மானமாகிவிடுகிறது.

இத்துறையில் இலங்கை நீதிமன்றங்கள் தந்த மிக முக்கியமான தீர்ப்பு தெற்கு அதிவேக நெடுஞ்சாலை தொடர்பானது. மதிப்பீட்டில் ஆராயப்பட்ட பாதையிலிருந்து விலகி இறுதிப் பாதை சில இடங்களில் நகர்த்தப்பட்டபோது, புதிய பாதையில் காணி இழந்தவர்கள் தமக்கு அறிவித்தலோ விசாரணையோ இல்லாமல் அது செய்யப்பட்டதாக வழக்குத் தொடுத்தனர். மண்டி எதிர் மத்திய சுற்றாடல் அதிகார சபை என்ற அவ்வழக்கில் 2004 ஜனவரியில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், பாதை மாற்றத்தால் பாதிக்கப்படுவோர் முன்கூட்டியே கேட்கப்பட்டிருக்க வேண்டும் எனவும், அவர்களின் உரிமை மீறப்பட்டது எனவும் கண்டு நட்டஈடு வழங்கப் பணித்தது. ஆனால் வீதியை நிறுத்தவில்லை. வேலை வெகுதூரம் சென்றுவிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட சமூகங்களின் கூட்டமைப்பு பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் இணக்க மீளாய்வுக் குழுவிடமும் முறையிட்டது. இவ்வழக்கு ஊரவருக்குக் கற்பிப்பது இரு முனை கொண்டது: கேட்கப்படும் உரிமை சட்டத்தில் உண்டு, ஆனால் அது காலந்தாழ்த்திக் கோரப்பட்டால் பணமாக மட்டுமே திரும்பி வரும். மதகின் அடிமட்டம் தவறாக அமைந்துவிட்ட ஊருக்குப் பணம் எவ்வகையிலும் ஈடாகாது.

காணியைப் பற்றிய பிரச்சினை விடத்தல்தீவில் தனியொரு வடிவம் எடுக்கிறது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ், ஒரு பகுதியில் காணி தேவைப்படுகிறது என்ற அறிவித்தல் அப்பகுதியில் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். பின்னர் 4ஆம் பிரிவின் கீழ் உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவசரம் எனக் கருதப்பட்டால் 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தின் கீழ் நட்டஈடு தீர்மானிக்கப்படும் முன்னரே காணியைப் பொறுப்பேற்கலாம். இந்நடைமுறை முழுவதும் உரிமையாளர் ஊரிலேயே இருக்கிறார் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது. விடத்தல்தீவில் தமிழ்க் கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக வாழ்ந்தனர். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் பல இன்றும் புத்தளத்தில் இருக்கின்றன; போரின் இறுதிக் கட்டத்தில் பெயர்ந்த தமிழர்களுள் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டிலும் மேற்கு நாடுகளிலும் இருக்கின்றனர். பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையிலும் கிராம அலுவலரின் கதவிலும் ஒட்டப்படும் தாள் இவர்களை எட்டுவதில்லை. உறுதிகள் இடப்பெயர்வில் தொலைந்தன. பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப் பத்திரமே, அதுவும் இறந்துபோன தந்தையின் பெயரில். இடம்பெயர்ந்தோரின் காணியில் பிறர் ஆட்சியுரிமை கோருவதைத் தடுக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் காலவரம்புடன் கூடிய ஒரு விசேட நிவாரணத்தைத் தந்தது. காணி எடுத்தலில் அதற்கு ஒப்பான ஏற்பாடு எதுவும் இல்லை. வீதித் திட்டத்துக்கான கலந்தாலோசனை விடத்தல்தீவில் ஒருமுறை நடத்தப்பட்டால் புத்தளத்திலும் ஒருமுறை நடத்தப்பட வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கை ஆகாது. உரிமையாளரைக் கேட்டல் என்ற சொல்லுக்கு இம்மண்ணில் வேறு பொருள் இருக்க முடியாது.

இந்தக் கேள்விகள் இப்போது கூடுதல் அவசரம் பெறுவதற்குக் காரணம் உண்டு. 2016 மார்ச் 1இல் விடத்தல்தீவைச் சூழ்ந்த கரையும் கடலுமாக 29,180 ஹெக்டேயர் பரப்பு இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இயற்கை ஒதுக்கம் என்பது வனசீவராசிகள் சட்டத்தின் கீழ், மரபான தொழில்களுக்கு இடமளித்தபடியே காக்கப்படும் நிலத்தைக் குறிக்கும் வகையாகும். 2024 மே மாதத்தில், நீருயிரின வளர்ப்புப் பண்ணை ஒன்றுக்காக இதிலிருந்து 168 ஹெக்டேயரை விடுவிக்கும் வர்த்தமானி வெளியிடப்பட்டது. சுற்றாடல் அமைப்புகள் அதனை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தன. விவாதம் இறால் குளங்களைப் பற்றியதாகவே நிகழ்ந்தது. புத்தளம் களப்பைச் சூழ்ந்து 1980களிலிருந்து பெருகி, 1990களின் வெண்புள்ளி நோயால் கைவிடப்பட்டு இன்றும் வெறுமையாகக் கிடக்கும் குளங்களை நினைத்தால் அது நியாயமான விவாதமே. ஆனால் எந்தப் பண்ணைக்கும் பிரதான வீதியிலிருந்து கரைவரை, தீனியும் பனிக்கட்டியும் அறுவடையும் ஏற்றிய லொறிகள் எல்லாக் காலத்திலும் ஓடக்கூடிய வீதி வேண்டும். பண்ணைக்கு ஒதுக்கப்படும் ஹெக்டேயர்க் கணக்கில் அவ்வீதி சேர்வதில்லை. அதன் மேடு தரவையையும் கண்டலையும் ஊடறுத்துச் சென்று, குளங்கள் தொடாத நிலத்தின் நீரையும் இரண்டாகப் பிரிக்கும். இந்தியாவையும் இலங்கையையும் தரைவழியாக இணைப்பது பற்றிய சாத்திய ஆய்வு 2023 யூலையில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில் இடம்பெற்றிருக்கிறது. அது என்றேனும் கைகூடினால், தலைமன்னாரில் இறங்கும் பார ஊர்திகள் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் குறுகிய வழி ஏ-32 என்பதையும் மறந்துவிட முடியாது. அப்போது ஏ-32 மீண்டும் அகலும், மீண்டும் உயரும்.

விடத்தல்தீவுக்கு இவ்விடயத்தில் ஒரு சட்டப் பிடி இருக்கிறது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 9அ பிரிவு, தேசிய ஒதுக்கம் ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள், அரச நிறுவனமாயினும் தனியாராயினும், வனசீவராசிகள் பாதுகாப்புப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றி எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக் கூடாது என விதிக்கிறது. இயற்கை ஒதுக்கமும் தேசிய ஒதுக்கங்களின் வகைகளுள் ஒன்று. அந்த விண்ணப்பத்தோடு சுற்றாடல் மதிப்பீடு இணைக்கப்பட வேண்டும். வீதியின் நீளம் 10 கிலோமீற்றரைத் தாண்டுகிறதா என்ற கேள்வி இங்கு முதன்மையில்லை. இப்பிரிவின் கீழ் வரும் வீதி விண்ணப்பம் ஒவ்வொன்றிலும், மேட்டின் உயரம், ஒவ்வொரு மதகின் இடமும் அகலமும் அடிமட்டமும், தாம்போதியாக விடப்படும் நீளம், கிறவல் அகழப்படும் இடம் ஆகியவை காட்டப்பட்ட வரைபடம் தமிழில் ஊரின் முன் வைக்கப்பட்டு, ஒரு மாரியும் ஒரு கோடையும் நீர்மட்டம் அளக்கப்பட்ட பின்பே அனுமதி பரிசீலிக்கப்பட வேண்டும் என்று கோருவதற்கு விடத்தல்தீவின் மீனவர் சங்கங்களுக்கும் விவசாய அமைப்புகளுக்கும் முழு நியாயம் உண்டு. எந்தத் தாழ்வால் வெள்ளம் வடிகிறது, எந்த ஓடையால் கடல் ஏறுகிறது, எந்த ஆண்டு நீர் எதுவரை வந்தது என்பவற்றை வள்ளம் விடுபவரும் மாடு மேய்ப்பவரும் வயல் காவல் காப்பவரும் இடம் காட்டிச் சொல்லக்கூடியவர்கள். அத்தகவலை வரைபடத்தில் குறித்து, பிரதேச செயலகத்திலும் வனசீவராசிகள் திணைக்களத்திலும் முன்கூட்டியே பதிந்து வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. விண்ணப்பம் வந்து சேருமுன் அது முடிந்திருக்க வேண்டும்.